வீட்டு மனையை வணிக உபயோகத்துக்கு மாற்றுவது: சென்னையில் யாரிடம் கேட்பது, எங்கே சிக்கும்

தெருவில் நாலு வீடு கடையாகிவிட்டது, நம் வீட்டையும் மாற்றிவிடலாம் என்று நினைப்பவர்கள் முதலில் போய் நிற்கும் இடம் மாநகராட்சி மண்டல அலுவலகம், இல்லையென்றால் கவுன்சிலர் வீட்டு வாசல். இரண்டு இடத்திலும் அந்த அதிகாரம் கிடையாது. ஒரு மனை குடியிருப்புப் பகுதியில் இருக்கிறதா, வணிகப் பகுதியில் இருக்கிறதா என்பதை முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) நில உபயோக வரைபடம்தான் சொல்லும். அந்த வரைபடத்தைத் திருத்த தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-இன் 32(4) பிரிவு வழி செய்கிறது. சென்னைப் பெருநகர் பகுதியில் அதற்கான அலுவலகம் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், அதாவது சி.எம்.டி.ஏ. மற்ற ஊர்களில் நகர் ஊரமைப்பு இயக்ககமும் அதன் கீழுள்ள உள்ளூர்த் திட்டக் குழுமங்களும் மாவட்ட அலுவலகங்களும் இதைப் பார்க்கின்றன.

1992-இல் வந்த 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், நகரத் திட்டமிடலையும் நில உபயோக ஒழுங்குமுறையையும் பன்னிரண்டாம் அட்டவணையின் முதல் இரண்டு இனங்களாக வைத்தது. ஆனால் மாநில அரசு சட்டம் செய்து ஒப்படைத்தால்தான் அந்த அதிகாரம் நகராட்சிக்கு வரும். சென்னையில் நில உபயோகத்தைப் பொறுத்தவரை அது இன்னும் முழுமையாக வரவில்லை. மாநகராட்சி மன்றத்தில் தீர்மானம் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அந்தத் தீர்மானத்தின் மதிப்பு ஒரு கருத்துரைக்கு உள்ள மதிப்புதான்.

உள்ளாட்சி அமைப்பால் செய்ய முடிந்தவையும் உண்டு. தனக்கு ஒப்படைக்கப்பட்ட அளவுக்குள் கட்டட அனுமதி தரலாம். அதுவும் வரைபடம் அனுமதிக்கிற உபயோகத்துக்கு மட்டும். சொத்து வரி விதிக்கலாம், தொழில் உரிமம் தரலாம், சி.எம்.டி.ஏ. கேட்டால் சாலை அகலம், வடிகால் பற்றிக் கருத்து எழுதலாம். குடியிருப்பு என்று வண்ணம் தீட்டிய இடத்தை வணிகம் என்று மாற்ற முடியாது. ஊராட்சித் தலைவர் கையெழுத்துக்கும் இது பொருந்தும்.

அதிகம் பேர் ஏமாறுவது வரி ரசீதில்தான். பத்து வருடமாக வணிகக் கட்டடத்துக்கான சொத்து வரி கட்டுகிறோம், மின்வாரியத்தில் வணிகக் கட்டண இணைப்பு இருக்கிறது, ஜி.எஸ்.டி. பதிவு இருக்கிறது, எனவே இடம் வணிக இடம் என்று வாதிடுவார்கள். நிஜத்தில் என்ன நடக்கிறதோ அதற்கு வரி விதிக்கப்படுகிறது, அவ்வளவுதான். விதிமீறிய கட்டடத்துக்கும் வரி விதிக்கலாம், அதனால் அது விதிப்படியானதாக ஆகாது.

முதலில், மாற்றம் தேவைதானா?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமலே விண்ணப்பித்துப் பணத்தையும் மாதங்களையும் விடுபவர்கள் பலர். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 ஒவ்வொரு உபயோகப் பகுதியிலும் எதெல்லாம் அனுமதிக்கத்தக்கது என்று பட்டியல் தருகிறது. ஆதாரக் குடியிருப்புப் பகுதி (பிரைமரி ரெசிடென்ஷியல்) என்றால் வீடு மட்டும்தான் என்று அர்த்தமில்லை. அங்கே குடியிருக்கும் மருத்துவர், வழக்கறிஞர், ஆடிட்டர் வைத்துக்கொள்ளும் ஆலோசனை அறை, அன்றாடப் பொருள் விற்கும் சிறு கடை, பால் பூத், தையல் கடை, மழலையர் பள்ளி போன்றவை அளவு வரம்புகளோடு பட்டியலில் உண்டு. உங்கள் திட்டம் அந்த வரம்புக்குள் அடங்கினால் நில உபயோக மாற்றமே வேண்டாம், முறையான திட்ட அனுமதி போதும்.

அதற்கு மேல் போனால், நேராக வணிகப் பகுதி கேட்பதற்கு முன் கலப்புக் குடியிருப்புப் பகுதியின் (மிக்ஸ்டு ரெசிடென்ஷியல்) பட்டியலைப் படியுங்கள். சிறிய உணவகம், வங்கிக் கிளை, மருத்துவமனை போன்ற பல தேவைகள் அளவைப் பொறுத்து அதிலேயே அடங்கிவிடும். சுற்றிலும் வீடுகள் உள்ள தெருவில் வணிகம் என்று கேட்டால் வரும் எதிர்ப்பு, கலப்புக் குடியிருப்பு என்று கேட்டால் குறையும். கோப்பைப் பார்க்கும் திட்ட அலுவலருக்கும் அதைப் பரிந்துரைப்பது எளிது. தேவைக்கு மேல் பெரிய உபயோகம் கேட்காமல் இருப்பதே இந்த வேலையில் பாதி வெற்றி.

இன்னொரு பொறி சுயசான்று, அதாவது விதிப்படிதான் கட்டுகிறேன் என்று விண்ணப்பதாரரே சான்று சொல்லி வாங்கும் அனுமதி. 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்றுத் திட்டத்தில் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட உடனடி அனுமதி கிடைக்கிறது. இது வீட்டுக்கு மட்டும். இதில் அனுமதி வாங்கிக் கட்டிவிட்டு தரைத்தளத்தில் ஷட்டர் போட்டால், அனுமதிக்கு மாறான கட்டடம் என்ற கணக்கில்தான் வரும்.

வரைபடத்தில் உங்கள் மனை எங்கே?

இரண்டாம் முழுமைத் திட்டம் 2008 செப்டம்பர் 2 அன்று நடைமுறைக்கு வந்தது. அரசாணை எண் 190. அது 1,189 சதுர கிலோமீட்டருக்கு மட்டும் போடப்பட்ட திட்டம். 2022-இல் பெருநகர் பகுதி 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. புதிதாகச் சேர்ந்த ஊர்களுக்கு இரண்டாம் முழுமைத் திட்ட வரைபடத்தை விரித்துவைத்துத் தேடினால் எதுவும் கிடைக்காது. அந்த ஊருக்கு எந்தத் திட்டம் நடப்பில் இருக்கிறது, கோப்பை எந்த அலுவலகம் பார்க்கிறது என்பதை முதலில் உறுதி செய்யுங்கள்.

சி.எம்.டி.ஏ. இணையதளத்தில் கிராமத்தையும் புல எண்ணையும் கொடுத்தால் நில உபயோகம் தெரியும். பார்த்து வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதை நம்பி முன்பணம் கொடுக்க வேண்டாம். எழுத்து மூலம் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தி, நில உபயோக விவரத்தைக் கையெழுத்தோடு வாங்குங்கள். காரணம் புல எண்தான். வரைபடம் தயாரித்தபோது 123/2 என்று இருந்தது இன்று 123/2A, 2B, 2C என்று உட்பிரிவாகியிருக்கும். நகர அளவை நடந்த பகுதியில் பழைய புல எண் போய் வார்டு, பிளாக், நகரப் புல எண் என்று வேறு வரிசையே வந்திருக்கும். பத்திரத்தில் பழைய எண், பட்டாவில் புது எண், வரைபடத்தில் இரண்டுக்கும் நடுவே ஒன்று. இந்த மூன்றையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதி, பழைய எண்ணுக்கும் புது எண்ணுக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் ஆவணத்தை வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்கி இணையுங்கள். அப்போது பிற்பாடு வரும் திருத்தங்களில் பெரும்பகுதி வராமலே போகும்.

அந்தப் பகுதிக்கு விரிவான வளர்ச்சித் திட்டம், அதாவது ஒரு சிறு பகுதிக்கு மட்டும் நுணுக்கமாகப் போடும் திட்டம், தனியாக இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் முழுமைத் திட்டத்தை மட்டும் பார்த்தால் போதாது. விரிவான வளர்ச்சித் திட்டத்தைத் திருத்துவது 33-ஆம் பிரிவின் கீழ் வரும் தனி வேலை.

எந்த இடங்களில் கதவு ஏற்கெனவே மூடியிருக்கிறது

அனுமதி பெற்ற மனைப்பிரிவில் பூங்காவுக்கும் பொது உபயோகத்துக்கும் ஒதுக்கிய இடத்தை மாற்றக் கேட்பது வீண். பெங்களூரு ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கத்தில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை உச்ச நீதிமன்றம் 1991-இல் ரத்து செய்தது. அந்தப் பகுதி மக்களுக்கு வழக்குத் தொடுக்கும் உரிமை உண்டு என்பதும் அதே தீர்ப்பில் நிலைபெற்றது. முதலமைச்சர் சொல்லி நடந்த மாற்றமே அங்கே நிற்கவில்லை.

சாதாரண வீட்டு மனையிலும் தடைகள் உண்டு. திருவான்மியூருக்குத் தெற்கே கடலோரம் உள்ள நிலத்தடி நீர்ச் செறிவூட்டும் பகுதி, செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி, கடலோர ஒழுங்குமுறை மண்டலம், பள்ளிக்கரணை சதுப்பு நிலம், தாம்பரம் விமானப்படைத் தளத்தைச் சுற்றியுள்ள பகுதி ஆகியவற்றில் நில உபயோகத்துக்கு மேல் இன்னொரு அடுக்கு விதி இருக்கிறது. வரைபடத்தில் நிறம் மாறினாலும் அந்த அடுக்கு அப்படியே இருக்கும்.

அரசு வைத்த தடை மட்டும் அல்ல. வீட்டு வசதி வாரியமோ கூட்டுறவு வீடு கட்டும் சங்கமோ ஒதுக்கிய மனையானால் கிரையப் பத்திரத்தின் நிபந்தனைகளை வரி வரியாகப் படியுங்கள். குடியிருப்புக்கு மட்டும் என்ற நிபந்தனை இருந்தால், ஒதுக்கியவரின் தடையின்மைச் சான்று இல்லாமல் கோப்பு நகராது. அடுக்குமாடிக் குடியிருப்பில் தரைத்தள வீடு வைத்திருப்பவர் தனியாக விண்ணப்பிக்க முடியாது. அவர் கையில் இருப்பது பிரிக்கப்படாத பங்கு. நிலம் எல்லோருக்கும் பொது, எனவே எல்லா உரிமையாளர்களின் சம்மதமும் வேண்டும்.

பலர் கவனிக்காமல் விடுவது சாலை அகலத்தை. நில உபயோகம் மாறிவிடும், ஆனால் நீங்கள் நினைத்த அளவு கட்டடத்துக்கு விதிப்படி வேண்டிய சாலை அகலம் இருக்காது. பத்திரத்தில் 30 அடி சாலை என்று இருக்கும், டேப் பிடித்தால் மின்மாற்றி நிற்கும் இடத்தில் 22 அடிதான் வரும். விண்ணப்பத்துக்கு முன்பே, மனையிலிருந்து பெரிய சாலையைத் தொடும் வரை பல இடங்களில் அளந்து, மிகக் குறுகிய அளவை வைத்துக் கணக்குப் போடுங்கள். அதில் எவ்வளவு கட்டலாம், வாகன நிறுத்தத்துக்கு எவ்வளவு இடம் போகும், பக்க இடைவெளி எவ்வளவு விட வேண்டும் என்று பதிவு பெற்ற கட்டடக் கலைஞரிடமோ பொறியாளரிடமோ ஒரு தோராய வரைபடம் போட்டுப் பாருங்கள். ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில் கார் நிறுத்தமும் இடைவெளியும் போக மிஞ்சுவதைப் பார்த்துவிட்டே திட்டத்தைக் கைவிடுபவர்கள் உண்டு. அது நல்ல முடிவுதான்.

விண்ணப்பக் கட்டு

ஒற்றைச் சாளர இணையதளம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பொதுவாகக் கேட்கப்படும் ஆவணங்கள் இவை:

- கிரையப் பத்திரம், தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று
- விண்ணப்பதாரர் பெயரில் பட்டா, நகர அளவைப் பகுதியானால் நகர நில அளவைப் பதிவேட்டின் நகல்
- புலப்படமும் கிராம வரைபடமும், அவற்றில் மனை குறிக்கப்பட்டிருக்க வேண்டும்
- சுற்றுப்புற இட அமைப்பு வரைபடம்
- மனை அனுமதி பெற்ற பிரிவில் இருந்தால் அந்த மனைப்பிரிவு வரைபடம், கட்டடம் இருந்தால் அதன் அனுமதி வரைபடம்
- என்ன செய்யப் போகிறீர்கள் என்ற விளக்கக் கடிதம்

பட்டா இறந்துபோன அப்பா பெயரில் இருந்தால் அங்கேயே நிற்கும். வாரிசுச் சான்று வாங்கி, பட்டா மாற்றிய பிறகே தொடங்குங்கள். கூட்டுப் பட்டாவானால் எல்லோரும் கையெழுத்திட வேண்டும், அல்லது பதிவு செய்த அதிகாரப் பத்திரம் வேண்டும்.

மேலே உள்ளவற்றில் நேரம் செலவிட வேண்டியது சுற்றுப்புற வரைபடத்தில். சாதாரணமாகத் தனி மனையை மட்டும் மாற்றுவதைத் திட்டத் துறையினர் விரும்புவதில்லை. குடியிருப்புகளுக்கு நடுவே ஒற்றை வணிகப் புள்ளி வைப்பது திட்டத்தின் நோக்கத்துக்கே எதிர். எனவே உங்கள் வரைபடம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்றே: இந்த இடத்தின் இயல்பு உண்மையில் மாறியிருக்கிறதா? பக்கத்து மனைகளில் எவை அனுமதியோடு வணிகமாக இயங்குகின்றன, அடுத்துள்ள வணிகப் பகுதி எத்தனை மீட்டரில் இருக்கிறது, பேருந்து போகும் சாலையா என்பதையெல்லாம் அளவோடு காட்டுங்கள். அருகில் ஏற்கெனவே நில உபயோக மாற்றம் பெற்ற மனை இருந்தால் அதன் அரசிதழ் அறிவிப்பு எண்ணைக் குறிப்பிடுங்கள். அனுமதியில்லாத கடைகளைப் படம் பிடித்து ஆதாரமாக வைக்காதீர்கள். அது உங்களுக்கு உதவாது, அந்தக் கடைக்காரருக்கு நோட்டீஸ் போகலாம், அடுத்த நாளே தெருவில் ஓர் எதிரி உருவாகியிருப்பார்.

விளக்கக் கடிதத்தில் "வணிக நோக்கத்துக்காக" என்று பொதுவாக எழுதுவது பலவீனம். எத்தனை சதுர மீட்டர், என்ன தொழில், எத்தனை பேர் வேலை செய்வார்கள், சரக்கு வண்டி எப்போது வரும், வாகனம் எங்கே நிற்கும், கழிவுநீர் எங்கே போகும் என்று எழுதுங்கள். ஆட்சேபணை வந்தாலும் இந்தக் கடிதம்தான் கை கொடுக்கும்.

கோப்பு போகும் பாதை

ஆவணம் சரியாக இருந்தால் தள ஆய்வு நடக்கும். இடத்தைப் பொறுத்து உள்ளாட்சி அமைப்பு, வருவாய்த் துறை, நீர்வளத் துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்று கருத்து கேட்பார்கள். தாமதம் பெரும்பாலும் இங்கேதான். கடிதம் எந்த அலுவலகத்துக்கு எந்தத் தேதியில் போனது என்று குறித்துக்கொண்டு, அந்த எண்ணோடு அந்தந்த அலுவலகத்தில் கேளுங்கள். பதில் வராத ஒரே துறைக்காகக் கோப்பு மாதக்கணக்கில் கிடப்பது சகஜம்.

பிறகு பொது அறிவிப்பு. தமிழ் நாளிதழ் ஒன்றிலும் ஆங்கில நாளிதழ் ஒன்றிலும் விளம்பரம் வரும். செலவு விண்ணப்பதாரருடையது. விளம்பர வரைவில் கிராமம், புல எண், உட்பிரிவு, பரப்பு, இப்போதைய உபயோகம், கேட்கும் உபயோகம் ஆகியவற்றை அச்சுக்குப் போகும் முன் பட்டாவோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். உட்பிரிவு எழுத்து ஒன்று மாறினாலும் மறுபடி விளம்பரம் கொடுக்க நேரும். கவனிக்காமல் கடந்துவிட்டாலோ இன்னும் மோசம், பின்னாளில் நீதிமன்றத்தில் எதிர்த் தரப்பு முதலில் பிடிப்பது அதைத்தான்.

ஆட்சேபணைகளோடு கோப்பு தொழில்நுட்பக் குழுவுக்கும், பிறகு குழுமத்தின் கூட்டத்துக்கும் போகும். ஏற்கப்பட்டால் நிபந்தனைகள் சொல்வார்கள். சாலை விரிவாக்கத்துக்கு முன்பக்கம் சில அடிகளைத் தானப் பத்திரமாக எழுதித் தரச் சொல்வது அதில் அடிக்கடி வருவது. கடைசிப் படி, 32(4)-இன் கீழ் தமிழ்நாடு அரசிதழில் அறிவிப்பு. அது வெளியாகும் வரை எதுவும் மாறவில்லை. "கமிட்டியில் பாஸாகிவிட்டது" என்பதை வைத்து வாடகை ஒப்பந்தம் போடாதீர்கள்.

மறுத்தால், கடிதத்தில் உள்ள காரணத்தைப் பிரித்துப் பாருங்கள். ஆவணக் குறையானால் சரிசெய்து மறுபடி கொடுக்கலாம். சாலை அகலமோ சுற்றுப்புறமோ காரணமானால், அதே காகிதங்களோடு திரும்பப் போவதில் பயனில்லை, சிறிய உபயோகம் கேட்பதுதான் வழி. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். ஆனால் நீதிமன்றம் பொதுவாக நடைமுறை சரியாகப் பின்பற்றப்பட்டதா, காரணம் சொல்லப்பட்டதா என்று பார்க்குமே தவிர, திட்டமிடுபவரின் இடத்தில் தானே உட்கார்ந்து மனைக்கு நிறம் தீட்டாது.

அரசிதழுக்குப் பிறகு

நில உபயோக மாற்றம் கட்டட அனுமதி ஆகாது. நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 49-ஆம் பிரிவின் கீழ் திட்ட அனுமதிக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். 59-ஆம் பிரிவின் கீழ் உபயோகத்தை மாற்றுவதற்கே வளர்ச்சிக் கட்டணம் உண்டு, அதையும் பட்ஜெட்டில் சேருங்கள். பழைய வீட்டை இடிக்காமல் அப்படியே கடையாக்க நினைத்தால், அந்தக் கட்டடம் வணிகத்துக்கான இடைவெளி, வாகன நிறுத்தம், தீத்தடுப்பு விதிகளுக்குப் பொருந்த வேண்டும். வீட்டுக்காக விட்ட இடைவெளி பெரும்பாலும் போதாது.

மாற்றாமலே நடத்தினால் என்ன ஆகும்? 56, 57-ஆம் பிரிவுகளின் கீழ் நோட்டீஸ், வேலை நிறுத்தம், பூட்டி முத்திரையிடல், இடிப்பு வரை போகலாம். பின்னால் வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம் என்பது பழைய நம்பிக்கை. 113-அ பிரிவு 1999 பிப்ரவரி 28-க்கு முன்பும், 113-இ பிரிவு 2007 ஜூலை 1-க்கு முன்பும் கட்டியவற்றுக்கானவை. அதற்குப் பின் கட்டியதற்கு அந்தக் கதவுகள் இல்லை. மீரட் நகரில் குடியிருப்பு மனையில் எழுந்த கடைகளை இடிக்கும் உத்தரவை 2024 டிசம்பர் 17 அன்று உறுதி செய்த உச்ச நீதிமன்றம், விதிமீறிய கட்டடத்துக்குத் தொழில் உரிமம் தரக் கூடாது, பணி நிறைவுச் சான்றைச் சரிபார்த்த பிறகே வங்கிகள் அதன் பேரில் கடன் தர வேண்டும் என்று நாடு முழுவதற்கும் அறிவுறுத்தியது. கடை பல ஆண்டுகள் ஓடியது என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

இடத்தை வாங்கப் போகிறவருக்கு

மாற்றிக்கொள்ளலாம் என்ற தரகர் பேச்சில் வணிக விலை கொடுக்காதீர்கள். கிரைய ஒப்பந்தத்திலேயே, அரசிதழ் அறிவிப்பு வெளிவந்த பிறகே மீதித் தொகை, குறிப்பிட்ட தேதிக்குள் வராவிட்டால் முன்பணம் திரும்ப வேண்டும் என்று எழுதுங்கள். விண்ணப்பம் உரிமையாளர் பெயரில்தான் போக வேண்டும் என்பதால், அவர் கையெழுத்திடவும் நிபந்தனையாகக் கேட்கும் தானப் பத்திரத்தை எழுதவும் கடமைப்பட்டவர் என்ற வாசகமும் வேண்டும். ஏற்கெனவே மாற்றியாயிற்று என்று அவர் சொன்னால், அரசிதழின் தேதி, அறிவிப்பு எண், வரைபட எண் மூன்றையும் கேளுங்கள். அறிவிப்பில் உள்ள உட்பிரிவுகளும் பரப்பும் பத்திரத்தோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். "123/2 பகுதி" என்று இருந்தால் எந்தப் பகுதி என்பது வரைபடத்தில்தான் இருக்கும்.

பக்கத்து வீட்டுக்காரர் ஆட்சேபிக்க நினைத்தால்

விளம்பரத்தில் சொன்ன நாள்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தெரு முழுவதும் ஒரே நகலில் கையெழுத்துப் போட்டுத் தருவதை விட, மூன்று நான்கு வீட்டார் தனித்தனியாக ஆதாரத்தோடு எழுதுவது எடை கூடியது. "எங்களுக்குத் தொந்தரவு" என்றால் கோப்பில் ஒரு வரியாகப் போய்விடும். சாலையின் உண்மை அகலம், மழையில் தண்ணீர் நிற்கும் உயரம், பள்ளி விடும் நேர நெரிசல், அந்த மனைக்குள் எத்தனை வண்டி நிற்க இடமிருக்கிறது என்பதை அளந்து, தேதியிட்ட படங்களோடு கொடுத்தால் தொழில்நுட்பக் குழு பதில் எழுதியே ஆக வேண்டும். கோப்பு எண்ணையும் புல எண்ணையும் மேலே குறிப்பிட்டு, ஒப்புகை முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முடிவு வந்த பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்க வேண்டியவை தள ஆய்வு அறிக்கை, துறைகளின் கருத்துகள், கூட்ட நடவடிக்கைக் குறிப்பு ஆகிய மூன்றும்.